மூடுபனியில் ஒரு டிசம்பர் 17

தென்னாட்டிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வருவோர் இங்குள்ள குளிரை முதல் ஆண்டில் வியப்புடனும் இரண்டாம் ஆண்டில் சலிப்புடனும் எதிர்கொள்வர் என்று எம் சக அலுவலர் ஒருவர் அடிக்கடி கூறுவார். நாம் இங்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். வியப்பும் சலிப்பும் தீர்ந்து பனி நமக்குப் பழகிவிட்டது என்று எண்ணியிருந்தோம். அண்மையில் ஒரு டிசம்பர் 17 அன்று எம் கிளைக்கு வந்த பெரியவர் ஒருவர், அந்தப் பனியைப் பற்றியும், நாம் அன்றாடம் செய்துவரும் பணியைப் பற்றியும் நாம் அறியாதிருந்த சிலவற்றைக் கற்பித்துச் சென்றார். அதனை வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்று காலை பத்து மணிக்குக் கிளையின் கதவு திறந்தபோது, எதிர்ச்சாரியில் உள்ள தேநீர்க் கடை கண்ணுக்குத் தெரியவில்லை. கொதிக்கும் இஞ்சியின் மணம் மட்டும் வந்தது. வாயிற்படியில் கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்தி ஒரு முதியவர் நின்றிருந்தார். வயது 79. இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நகரின் எல்லையில் மகன் வீட்டில் வசிக்கிறார். இரண்டு பேருந்துகள் மாறி, வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும் தொலைவை இரண்டரை மணி நேரத்தில் கடந்து வந்திருந்தார். நவம்பர் முழுவதும் மார்புச் சளியால் படுக்கையில் இருந்தமையால் வாழ்நாள் சான்றிதழை அளிக்க இயலவில்லையாம். “இந்த மாத ஓய்வூதியம் வந்துவிடுமா?” என்பதே அவருடைய முதற்கேள்வி.

பனி உருவாகும் விதம்

வட இந்தியச் சமவெளியின் மூடுபனி மலையிலிருந்து இறங்கி வருவதன்று. பெரும்பாலும் அந்தந்த நிலத்திலேயே பிறப்பது. மத்தியத்தரைக் கடற்பகுதியிலிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் குளிர்காலத்தில் இங்குச் சிறுமழையைத் தருகின்றன. அதே பருவத்தில் கோதுமை வயல்களுக்கு நீர் பாய்ச்சப்படுகிறது. மழை விலகி வானம் தெளிந்த இரவில், நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. காற்றும் அசையாதிருந்தால், தரையை ஒட்டிய ஈரம் குளிர்ந்து, புகையையும் தூசியையும் பற்றிக்கொண்டு நுண்துளிகளாகிறது. வடக்கே இமயமலை அரணாக நிற்பதால் அது எளிதில் கலைவதில்லை.

1875இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை இதற்கு அளவுகளை வகுத்துள்ளது. பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அது மூடுபனி; 200 மீட்டருக்குக் கீழ் அடர்பனி; 50 மீட்டருக்குக் கீழ் மிக அடர்ந்த பனி. செய்திகளில் நாம் ஒன்றெனக் கருதும் ‘குளிர் அலை’யும் ‘குளிர் நாளும்’ வெவ்வேறானவை. முன்னதற்கு இரவின் குறைந்த வெப்பநிலையும், பின்னதற்குப் பகலின் உயர் வெப்பநிலையும் முதன்மையான அளவுகோல்கள். பனித்திரை கதிரவனை மறைத்து நிலத்தைச் சூடேறவிடாமல் தடுக்கும் நாள்களே பெரும்பாலும் குளிர் நாள்கள்.

மற்றொரு செய்தியும் சுவையானது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 ஆகும். ஆயினும் டெல்லியில் ஞாயிறு மிக முன்னதாக மறைவது டிசம்பர் தொடக்கத்தில். மிகத் தாமதமாக எழுவதோ ஜனவரி இரண்டாம் வாரத்தில். பகல் நீளத் தொடங்கிய பின்னரும் விடியல் பின்தங்கிக்கொண்டே செல்லும். முதியோர்க்குக் காலையில் வெளியே செல்வது ஜனவரியிலும் எளிதாவதில்லை.

பத்து விரல்களும் பொருந்தவில்லை

பெரியவரை அமரச் செய்து கைரேகைக் கருவியை அவர்முன் வைத்தோம். வலக்கைக் கட்டைவிரல் பொருந்தவில்லை. ஆள்காட்டி விரலும் பொருந்தவில்லை. வெந்நீர் வரவழைத்துக் கைகளைச் சூடாக்கி, துடைத்து, மீண்டும் முயன்றோம். பத்து விரல்களும் தோற்றன. குளிரில் தோல் வறண்டிருந்தது ஒரு காரணம். மற்றொன்றை அவரே கூறினார். முப்பதாண்டுகளுக்கு மேல் தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் சம்மட்டி பிடித்து, சரளைக்கல் வாரிய கை அது. ரேகைகள் தேய்ந்து மழமழவென்று இருந்தன.

அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. “பாபுஜி, இன்று கருவி ஒத்துழைக்கவில்லை, நாளை வாருங்கள், பார்ப்போம்” என்று சொல்லிவிட்டோம். சொன்னவர் நாமே என்பதை மறைப்பதற்கில்லை. அவர் கோபிக்கவில்லை. மெல்ல எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, “பேட்டா, பனி அதிகம், நாளை வருகிறேன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை” என்றார். மகனே என்று அவர் அழைத்தது எம்மை நிறுத்தியது. அமரச் சொல்லித் தேநீர் வரவழைத்தோம். வரிசையை இளம் அலுவலர் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

தண்டவாளத்தில் ஒரு வெடி

அலிகர் அருகே ஒரு நிலையத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், பனி இறங்கியதும் குழுவிலிருந்து இருவரைத் தெரிந்தெடுத்து மூடுபனிக் காவலுக்கு அனுப்புவார்களாம். நிலையத்தின் முதல் கைகாட்டிக்கு 270 மீட்டர் முன்னதாக, தண்டவாளத்தின் மீது பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிகளைப் பொருத்த வேண்டும். இரயில்வேத் தொழிலாளர் அதனைப் ‘பட்டாக்கா’ என்பர். சக்கரம் ஏறியதும் அது பேரொலியுடன் வெடிக்கும். கைகாட்டி நெருங்குகிறது என்பதை ஓட்டுநர் அந்த ஒலியால் உணர்ந்து வேகத்தைக் குறைத்து, விளக்கின் நிறத்தைத் தேடுவார். 1841இல் எட்வர்டு ஆல்பிரட் கவ்ப்பர் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்த எளிய கருவி இது. இன்று இயந்திரத்திலேயே செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறிந்து அடுத்த கைகாட்டியை முன்கூட்டி உணர்த்தும் கருவிகள் வந்துவிட்டன.

“ஒரு வண்டி போனதும் மறு வண்டிக்கு மீண்டும் இரண்டு வைக்க வேண்டும். அருகில் ஒரு கணப்புச் சட்டி இருக்கும். ஆனால் அதனருகே உட்கார்ந்தால் கண் செருகிவிடும். எனவே எழுந்து நடந்துகொண்டே இருப்போம். ஓட்டுநருக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது. இரண்டு சத்தமும் கேட்டுவிட்டால், எங்களுக்குள் பேசி முடித்தாயிற்று என்று பொருள்” என்றார் பெரியவர்.

ஓர் இரவு உடனிருந்தவருக்குக் காய்ச்சல். அவரைக் கணப்பருகே படுக்கவைத்துவிட்டு, விடியும்வரை இவர் ஒருவரே வெடி வைத்தாராம். “எத்தனை வண்டிகள் என்று எண்ணவில்லை. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் அன்று ஏதும் நடக்கவில்லை. ஏதும் நடக்காததுதான் எங்கள் வேலை” என்று கூறித் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

அந்தத் தேதியின் வரலாறு

அன்றைய தேதிக்குரிய சிறப்பை அவர் அறிந்திருக்கவில்லை. உண்மையில், நாட்காட்டியில் டிசம்பர் 17 பல நினைவுகளைத் தாங்கியது. 1903இல் அதே நாளில், கடுங்குளிர்க் காற்றினிடையே ரைட் சகோதரர்களின் வானூர்தி முதன்முதலாக 12 விநாடிகள் பறந்து 120 அடி தொலைவைக் கடந்தது. அன்று எம் கிளைக்கு வெளியே பாதையே தெரியவில்லை. ஆயினும் உரிய கருவிகளும் பயிற்சியும் இருப்பின், ஓடுபாதையில் பார்வைத் தொலைவு 50 மீட்டராகக் குறைந்தாலும் டெல்லியில் விமானங்கள் இறங்க இயலும். 1927இல் இதே நாளில், காகோரி இரயில் வழக்கில் தண்டிக்கப்பெற்ற இராஜேந்திரநாத் லாகிரி, இப்பனிச் சமவெளியிலேயே உள்ள கோண்டா சிறையில், தம் தோழர்களுக்கு இரு நாள்கள் முன்னதாகத் தூக்கிலிடப்பட்டார்.

பெரியவரைப் போன்றோர்க்கு மிக நெருங்கிய நிகழ்வு 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் நேர்ந்தது. ஓய்வூதியக் கணக்கீட்டில் தாராளமான புதிய முறையை மத்திய அரசு 1979 மே மாதம் அறிவித்தது. ஆனால் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வு பெற்றவர்க்கே அது பொருந்தும் என்றது. ஒரு நாள் முன்னதாக ஓய்வு பெற்றவரும் விலக்கப்பட்டார். பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா முதலானோர் வழக்குத் தொடுத்தனர். ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு, இந்தத் தேதிப் பிரிவினை சமத்துவத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கருணைக் கொடையன்று, செய்த பணிக்குரிய உரிமை என்பதையும் தெளிவுறுத்தியது. அந்நாளே இன்று ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இத்தீர்ப்பின் அருமை அதற்கு முந்தைய நிலையை அறிந்தால் விளங்கும். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், உரிய அதிகாரியின் சான்றின்றி ஓய்வூதியம் தொடர்பான வழக்கை உரிமையியல் நீதிமன்றம் ஏற்பதற்கே தடை விதித்திருந்தது. அதே சட்டம் ஒரு நன்மையும் செய்தது. கடனுக்காக அரசு ஓய்வூதியத்தை நீதிமன்ற ஆணையின் வழி பறிமுதல் செய்ய இயலாது என்ற பாதுகாப்பு அதிலிருந்து வந்ததே.

இவற்றைப் பெரியவரிடம் எளிய இந்தியில் விளக்கினோம். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், “கொடுக்கிறார்கள் என்றே இதுவரை நினைத்திருந்தேன். கொடுக்க வேண்டியது என்பது இன்றுதான் தெரிகிறது” என்றார்.

ஒரு கண்சிமிட்டல்

விரல் தோற்றாலும் வழி அடைபடுவதில்லை. 2014 நவம்பரில் தொடங்கப்பெற்ற ‘ஜீவன் பிரமாண்’ மின்னணு முறையில், 2021 முதல் முக அடையாளத்தையும் பயன்படுத்தலாம். இளம் அலுவலர் தம் கைப்பேசியில் உரிய செயலிகளைத் திறந்து பெரியவரின் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்களைச் சிமிட்டுமாறு செயலி கேட்டது. பெரியவர் சிமிட்டினார். சில நொடிகளில் சான்றிதழ் பதிவாயிற்று. முதலிலேயே இதனைச் செய்திருக்க வேண்டும் என்று எமக்கு நாணமாக இருந்தது.

பெரியவரோ சிரித்தார். “அந்நாளில் கண் சிமிட்டாமல் இருந்ததற்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்று கண் சிமிட்டியதற்கு ஓய்வூதியம் தருகிறார்கள்.” வரிசையில் நின்றிருந்தோரும் சிரித்தனர்.

வாடிக்கையாளர் கவனத்துக்கு

மத்திய அரசு ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம். தவறினால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். எனினும் அது இழப்பன்று. சான்றிதழ் அளித்ததும் நிலுவையுடன் மீண்டும் தொடரும். கைரேகை பொருந்தாதோர் முக அடையாள முறையைத் தயங்காது கேட்டுப் பெறலாம். பிள்ளைகளின் கைப்பேசி வழியே வீட்டிலிருந்தும் செய்யலாம். 70 வயதைக் கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சென்று சேவை அளிக்குமாறு 2017இல் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. மத்திய அரசு ஓய்வூதியரின் வயது 80ஐ எட்டும் மாதம் முதல் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். கணக்கில் பிறந்த தேதி சரியாகப் பதிவாகியுள்ளதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நலம்.

பெரியவரின் பதிவேட்டையும் பார்த்தோம். பிறந்த நாள் ஜூலை 1. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் எழுதிய தேதி. உண்மைத் தேதி தம் தாய்க்கே தெரியாது என்றார். எதுவாயினும் வரும் ஜூலையில் அவருக்கு 80 நிறைகிறது.

“பாபுஜி, அடுத்த ஆண்டு அக்டோபரிலேயே சான்றிதழ் அளிக்கலாம். அப்போது பனி இராது. தாங்கள் வரவும் வேண்டாம், சொல்லியனுப்பினால் நாங்களே வருவோம்” என்றோம்.

அவர் சால்வைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமீது வைத்தார். எள்ளும் வெல்லமும் சேர்த்துச் செய்த கஜக். “வாருங்கள். ஆனால் நாளை என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று கூறிவிட்டு வெளியே நடந்தார். மணி பன்னிரண்டாகியும் பனி விலகவில்லை. அவரைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிட எம் கிளையின் காவலர் உடன் சென்றார். பத்தடியில் இருவரும் மறைந்தனர். காவலர் திரும்பி வந்து, பேருந்தில் அமர்த்திவிட்டேன் என்று சொன்ன பிறகே அடுத்த வாடிக்கையாளரை அழைத்தோம்.