காரணத்தோடு எழுதும் செய்நிரல்

சென்ற வருட நோன்பு காலத்தில், வாப்பாவின் கடைக்கு ஸகாத் கணிப்பதற்காகப் பைதன் மொழியில் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதினேன். கையிருப்புப் பணத்தையும் சரக்கின் பெறுமதியையும் கொடுத்தால் விடை வரும். இவ்வருடம் அதை மீண்டும் திறந்தபோது, வாப்பா திரையைப் பார்த்து, "இந்த 85 என்ன மகள்?" என்று கேட்டார். எழுதியவள் நானே, ஆனாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கணினிக்குக் கட்டளை போதும், காரணம் தேவையில்லை. அதை நம்பிக் கடமையை நிறைவேற்றும் மனிதருக்கோ காரணம் வேண்டும்.

இதற்கு ஒரு வழியைக் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத். 1984ஆம் ஆண்டு வெளியான கட்டுரையொன்றில் அந்த வழியை 'லிட்டரேட் புரோகிராமிங்' என்று அழைத்தார். செய்நிரலையும் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதி, மனிதர் வாசிப்பதற்காக எழுத வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

வழக்கமாக நாம் கட்டளைகளை எழுதிவிட்டு, இடையிடையே ஓரிரு குறிப்பு வரிகளைச் சேர்ப்போம். கனூத்தின் முறையில் விளக்கமே முதன்மையானது. கட்டளைகள் அதனுள் இடம்பெறும். இதற்காக அவர் உருவாக்கிய தொகுதியின் பெயர் 'வெப்'. இணையத்தின் 'வெப்' தோன்றியது அதற்குப் பின்னரே. எழுதுபவர் விளக்கத்தையும் பஸ்கால் மொழிக் கட்டளைகளையும் ஒரே கோப்பில், வாசகருக்கு விளங்கும் ஒழுங்கில் எழுதுவார். 'டாங்கிள்' என்னும் கருவி அக்கோப்பிலிருந்து கட்டளைகளை எடுத்துக் கணினிக்கு வேண்டிய ஒழுங்கில் அடுக்கும். 'வீவ்' என்னும் கருவி அதே கோப்பை அச்சிட்டு வாசிக்கத்தக்க ஆவணமாக்கும். கணித நூல்களை அச்சுக்கோக்கப் பயன்படும் 'டெக்' மென்பொருளைக் கனூத் இவ்வாறே எழுதினார். அதன் முழுச் செய்நிரலும் 1986இல் நூலாகவே வெளிவந்தது.

நானும் என் செய்நிரலை விளக்கத்தோடு மீண்டும் எழுதத் தொடங்கினேன். முதற்பகுதியில், "நிஸாப் என்பது ஸகாத் கடமையாவதற்கான குறைந்தபட்ச அளவு. இங்கே அதை 85 கிராம் தங்கத்தின் பெறுமதியாகக் கொள்கிறோம்" என்று எழுதினேன். அடுத்து, "நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்; ஆகவே 0.025ஆல் பெருக்குகிறோம்" என்றேன். பின்னர், "85ஐத் தங்கத்தின் இன்றைய விலையால் பெருக்க வேண்டும்" என எழுதிவிட்டுக் கீழேயிருந்த கட்டளையைப் பார்த்தேன். அங்கே சென்ற வருட விலை அப்படியே கிடந்தது! நிஸாபின் எல்லைக்கு அருகில் நிற்கும் ஒருவருக்கு, அந்த ஓர் எண்ணே ஸகாத் கடமையா இல்லையா என்பதைப் பிழையாகச் சொல்லிவிடும்.

கணினி அப்பிழையைக் காட்டவில்லை. காரணத்தை எழுதும்போதுதான் அது என் கண்ணில் பட்டது.

இம்முறைக்குக் கூடுதல் நேரம் செல்லும் என்பது உண்மையே. கட்டளையை மாற்றினால் விளக்கத்தையும் மாற்ற வேண்டும். இல்லையேல் விளக்கமே வாசிப்பவரை வழிதவறச் செய்யும். எனினும் உயர்தரச் செயற்றிட்டங்களைச் செய்யும் நாம், விளக்கத்தை இறுதி நாளுக்கு ஒத்திவைக்காமல் கட்டளையோடு சேர்த்தே எழுதிப் பார்க்கலாம். அடுத்த வருடம் வாப்பா கேட்கும்போது, 85க்கான பதில் அந்த எண்ணுக்கு மேலேயே இருக்கும்.