மழை அழித்த பாத்தியில் மீண்டும் விதைப்போம்

ஐப்பசியில் நட்ட மிளகாய்க் கன்றுகள் கார்த்திகை மழையில் அழுகிப்போவதைக் கண்டவர்கள் எம்மில் பலர். வடக்கு, கிழக்கில் வருடத்து மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையிலேயே பெய்கின்றது. புயல்களும் பெரும்பாலும் இக்காலத்திலேயே வருகின்றன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, 2008 நவம்பரில் வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்திய 'நிஷா', 2020 டிசம்பரில் வந்த 'புரெவி', 2025 நவம்பரில் நாட்டையே உலுக்கிய 'டித்வா' யாவும் இம்மாதங்களில் வந்தவையே. மழையை நாம் மறிக்க முடியாது. ஆனால் ஒரே மழையில் முழுத் தோட்டமும் போய்விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

விதையைப் பங்கிடுங்கள்

கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். அதனை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கை இப்போது விதையுங்கள். அடுத்த பங்கை இரண்டு, மூன்று வாரங்கள் கழித்து விதையுங்கள். மூன்றாவது பங்கில் கைவைக்க வேண்டாம். அதனை நன்கு காயவைத்து, சூடு ஆறிய பின் சாம்பலுடன் கலந்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் வையுங்கள். அதிலும் ஒரு பிடியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைத்தல் நல்லது. திடீரென வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தாலும் விதை எங்கோ ஓரிடத்தில் மிஞ்சும்.

மேடும் உரப்பையும்

தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. கன்று வாடி அழுகும். ஆகவே மாரிக்கு முன்னரே பாத்தியை முக்கால் அடி உயர்த்தி, சுற்றிவர வாய்க்கால் வெட்டிவிடுங்கள். சொந்தக் காணி இல்லாதவர்கள் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றை உரப்பையிலோ பழைய வாளியிலோ வளர்க்கலாம். அடியில் துளையிட மறக்க வேண்டாம். வெள்ளம் வந்தால் மேட்டில் தூக்கி வைக்கலாம். இடம் மாறினால் கூடவே கொண்டு செல்லலாம்.

காற்றுக்கு முன்

புயல் எச்சரிக்கை கிடைத்ததும் மரவள்ளியின் மேற்பகுதியை வெட்டி, ஒன்றரை அடித் தண்டை மட்டும் விடுங்கள். காற்றுப் பிடிக்க இலை இல்லாவிடில் மரம் வேரோடு சாயாது. குலை போட்ட வாழைக்கு முட்டுக் கொடுங்கள். முற்றிய காய்களைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் வடிந்த பின்

முதலில் வாய்க்காலைத் திறந்து, நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஈர மண்ணில் மிதித்தால் அது இறுகிவிடும். இரண்டொரு நாள் பொறுங்கள். மேல்மண் காய்ந்ததும் மெதுவாகக் கொத்தி, மக்கிய எருவைத் தூவுங்கள். அழுகிய இலைகளையும் கன்றுகளையும் அகற்றுங்கள். தண்ணீரில் நின்ற மரவள்ளியின் கிழங்கு விரைவில் பழுதாகும். அதனை உடனே கிளறிச் சமையுங்கள். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த இடமாயின் அங்குள்ள கீரை, மரக்கறிகளைப் பச்சையாக உண்ண வேண்டாம். நன்கு கழுவி, அவித்தே உண்ணுங்கள்.

காற்றில் முறிந்த முருங்கைக் கொப்புகளை விறகாக்கிவிடாதீர்கள். முற்றிய கொப்பை நாலடி நீளத்துக்கு வெட்டி, மேட்டு நிலத்தில் நட்டால் துளிர்க்கும்.

அடுத்து, விரைவில் பலன் தருவனவற்றை விதையுங்கள். முளைக்கீரையை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். ஈரம் மாறாத பள்ளத்தில் கங்குன் வளரும். பயிற்றையும் வெண்டியும் ஒன்றரை, இரண்டு மாதத்தில் காய்க்கும். மழை ஓய்ந்த நிலத்தில் எஞ்சும் ஈரத்திலேயே பயறு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் விளைந்துவிடும்.

ஒரு பாத்தி அழிந்தால் அது ஒரு பாத்தியின் நட்டம். போத்தலில் விதை இருக்கும்வரை தோட்டம் அழிந்துவிடவில்லை. இந்தப் போகத்தில் முதலில் காய்க்கும் நல்ல செடிகளில் இரண்டை விதைக்கென விட்டு, அடையாளமாக ஒரு துணியைக் கட்டி வையுங்கள்.