கறளைப் பிடித்துத் தூக்க முடியாது

கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே நிற்கும். முன்பு பூந்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது கல் பதித்துக் கார் விடுகிறார்கள். அப்படி ஒரு வாசலில் பழைய மொரிஸ் மைனர் ஒன்று நின்றால், அந்த வழியால் போகிற யாழ்ப்பாணத்தார் ஒரு கணம் நிற்பார். பெற்றோல் கிடைக்காத 1990களில், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களைப் பார்த்து வளர்ந்தவராக இருப்பார். பொனட்டைத் தடவி, “நல்ல கண்டிசன்” என்பார். குனிந்து கீழே பார்க்க மாட்டார். ஆனால் காரின் கண்டிசன் எழுதியிருப்பது கீழேதான்.

வீட்டில் வைத்துப் பழைய கார் திருத்துபவர்களுக்கு முதல் சிக்கலும் இதுதான். அடிப்பக்கத்தில் எங்கே கறள் என்று பார்க்கக் காரைத் தூக்க வேண்டும். தூக்குவதற்குக் கறள் இல்லாத இடம் வேண்டும். தூக்காமல் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாடியே எலும்பு

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். லொறிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனியான சேசி கிடையாது. தகடுகளை மடித்து ஒட்டிய பாடியே காரின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதனால் அடியில் விழும் ஓட்டையை வெறும் ஓட்டை என்று விட முடியாது. அது எலும்பில் விழுந்த ஓட்டை.

பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. ஒன்று, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி. இதைச் ‘சில்’ என்பார்கள். நம் ஊரில் சக்கரத்தைச் சொல்லும் சில்லு வேறு. இரண்டு, இன்ஜினைத் தாங்கும் முன்புறச் சட்டங்கள். மூன்று, முன் இருக்கைகளுக்குக் கீழே போகும் குறுக்குச் சட்டம். இந்தக் காரின் முன் சஸ்பென்சன் சுருள் ஸ்பிரிங்கில் நிற்பதில்லை. நீளமான முறுக்குக் கம்பிகளில் நிற்கிறது. அந்தக் கம்பிகளின் பின்முனை பிடித்திருப்பது இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான். நான்கு, பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள்.

கம்பனி ஜாக் வைக்கச் சொன்ன துளையும் சில்லை ஒட்டியே இருக்கிறது. அதாவது தூக்கச் சொன்ன இடமே முதலில் கறள் பிடிக்கிற இடம்.

ஆகவே முதல் சோதனையைக் கார் தன் சில்லுகளில் நிற்கும்போதே செய்துவிட வேண்டும். கார்பெட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து தரையைப் பாருங்கள். பிறகு வெளியே படுத்து, கைக்கு எட்டியவரை ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘டிங்’ என்று திருப்பிச் சொல்லும். கறள் தின்ற தகடு ‘தொப்’ என்று நிற்கும். தார்ப்பூச்சு தடிப்பாக இருந்தால் சத்தத்தை நம்பாமல் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால், அந்த இடத்தில் ஜாக் வைக்கக் கூடாது.

எங்கே வைத்துச் செய்வது?

தெருவில் வேண்டாம். வருமானத்துக்காக வீதியில் வைத்து வாகனம் திருத்துவது இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாதவரை, சொந்தக் காரைத் திருத்துவதை அது தடுக்கவில்லை. ஆனால் ஓடாது என்று பதிந்து வைத்த காரைப் பொதுவீதியில் நிறுத்தவே முடியாது. வீட்டு வாசலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மணலின் மேல் பதித்த கற்கள், தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டின் முனைகள் அழுத்தும்போது இறங்கும், ஸ்டாண்ட் சரியும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்குக் கீழும் தடித்த பிளைவுட் பலகை வைக்க வேண்டும். சரிவான வாசல் இந்த வேலைக்கே ஆகாது.

நான்கு வழிகள்

அடிப்பக்கத்தை எட்ட ஜாக்கும் ஸ்டாண்டும் மலிவான வழி. ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகக் கூடாது. உள்ளே ஒரு ரப்பர் சீல் விட்டால் கார் இறங்கிவிடும். பின்புறத்தை அச்சுக் குழாயில் தாங்கலாம். முன்புறத்தை, தட்டிப் பார்த்து நல்லது என்று தெரிந்த சட்டத்தில் தாங்கலாம். எல்லாம் வைத்தபின் காரைக் கையால் பலமாகத் தள்ளி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நீங்கள் வெளியே இருக்கும்போதே ஆடட்டும். பிரேக் குழாய், எண்ணெய் வேலைக்கு இது போதும். வெல்டிங்குக்கு இது தண்டனை. மல்லாந்து படுத்து ஒட்டும்போது உருகிய இரும்பு நேரே கழுத்துக்குள் விழும்.

கிடங்கு வெட்டிய பழைய கராஜ் கிடைத்தால் நின்றபடி பார்க்கலாம். ஆனால் பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. கிடங்கில் இறங்கித் தங்கும். வெல்டிங்கில் காப்புக்கு விடும் ஆர்கனும் அப்படியே. கிடங்கில் வெல்டிங் வேண்டாம்.

மூன்றாவது, பாடியை ஒரு பக்கமாகச் சாய்க்கும் சட்டம். நான்காவது, பாடியின் முன்னும் பின்னும் பிடித்து, கோழியைக் கம்பியில் கோத்ததுபோல் சுற்றும் சட்டம். சுற்றுவது மிக வசதி. எந்த மூலையையும் கண்ணுக்கு நேரே கொண்டுவரலாம். அச்சைப் பாடியின் பாரமையத்தில் வைத்தால் விட்ட இடத்தில் நிற்கும். தவறினால் தானாகச் சுழன்று ஆளை அடிக்கும். ஆனால் மொரிஸ் மைனரின் அகலம் சுமார் 1.55 மீட்டர். மூலைவிட்டத்தில் சுற்றக் குறைந்தது 2 மீட்டர் உயரம் வேண்டும். 3.76 மீட்டர் நீளத்தோடு இரண்டு முனைச் சட்டங்களும் நிற்க வேண்டும். வீட்டுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய கராஜில் இதற்கெல்லாம் இடம் இருக்காது. அங்கே சாய்ப்பதுதான் நடக்கிற காரியம். தரை சுவராகிவிடும், ஸ்டூலில் இருந்தபடியே ஒட்டலாம்.

சாய்க்க முன் இன்ஜின், பெற்றோல் தொட்டி, பற்றரி, கண்ணாடிகள் வெளியே வரவேண்டும். சாய்த்தபின் சட்டத்தை மட்டும் நம்பாமல் மரக்கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும்.

வெட்ட முன் பூட்டு

அவசரப்படுபவர்கள் தவறுவது இங்கேதான். பாடியைச் சாய்த்துவிட்டு, கறள் பிடித்த சில்லை வெட்டி எடுப்பார்கள். தாங்க ஆளில்லாத பாடி சில மில்லிமீட்டர் தொங்கும். அப்படியே புதியதை ஒட்டினால் கதவு பிறகு ஒருநாளும் சரியாக மூடாது.

சரியான ஒழுங்கு வேறு. கார் நேராக நிற்கும்போதே கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் ஒட்டிப் பூட்டுங்கள். சில்களை ஒரு பக்கம் முடித்து மற்றப் பக்கம் மாற்றுங்கள். இடையிடையே கதவை மாட்டி இடைவெளி பாருங்கள். எலும்பு உறுதியான பிறகுதான் சாய்த்து, தரைத் தகடும் பூச்சும். அப்போது பிடித்துத் தூக்க நல்ல இரும்பும் இருக்கும். முதலில் கேட்ட கேள்விக்கு மீதி விடையும் அதுதான்.

40 வயது தாண்டிய கார்களுக்கு வீதி வரியில் விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்யாதவரை 2018 முதல் எம்ஓடி என்ற வருடாந்தத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. 2023 ஆகஸ்ட் 29இல் செவன் கிங்ஸுக்கும் வந்த யூலெஸ் என்ற லண்டன் புகைக் கட்டணமும் இவற்றுக்கு இல்லை. ஆபத்தான நிலையில் ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த விலக்குகளைச் சலுகை என்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை காரைத் தூக்கி அடியில் வெளிச்சம் அடித்துப் பார்த்த ஆள் இனி வரமாட்டார் என்பதும் எம்ஓடி விலக்கின் பொருள். அந்த லைட்டை இனி நாம்தான் பிடிக்க வேண்டும்.