ஏழு உலகங்களில் குடியேற இடமுண்டா?

மாற்றல் உத்தரவு வந்தவுடன் நம் இல்லத்தரசியர் கேட்கும் முதற் கேள்வி, "அவ்வூரில் தண்ணீர் எப்படி?" என்பதே. வான சாஸ்திரிகளும் அயல் உலகங்களைக் குறித்து அதையே கேட்கின்றனர்.

கும்ப ராசி மண்டலத்தில், சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில், டிராப்பிஸ்ட்-1 என்னும் செந்நிறக் குறு நட்சத்திரம் ஒன்றுண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் அங்குச் சென்றடைய 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்! பெல்ஜிய நாட்டு லியேஜ் பல்கலைக்கழகத்து மிஷேல் கியோன் என்பாரின் குழுவினர், அதனைச் சுற்றும் கிரகங்கள் மூன்றென 2016-லும், ஏழென 2017-லும் அறிவித்தனர். ஏழும் பாறைக் கோளங்களே.

அவற்றை எவரும் நேரில் கண்டாரல்லர். கிரகம் குறுக்கே கடக்கையில் நட்சத்திரத்தின் ஒளி நூற்றில் ஒரு பங்கினும் குறைவாக மங்கும். அம்மங்கலைக் குறித்து வைத்தே கால அட்டவணை வகுத்தனர். மிக உள்ளே உள்ளது ஒன்றரை நாளிலும், கடைசியில் உள்ளது ஏறக்குறைய 19 நாளிலும் சுற்றி முடிக்கின்றன. ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவை குறித்த நேரத்துக்கு முந்தியும் பிந்தியும் வருகின்றன; அவ்வேறுபாட்டைக் கொண்டே ஒவ்வொன்றின் நிறையையும் கணக்கிட்டுவிட்டனர். தாமதத்தினால் இத்துணைப் பயன் விளைந்ததை ரயில்வே உத்தியோகத்தில் நாம் கண்டதில்லை.

இவற்றுள் 'இ', 'எஃப்', 'ஜி' எனப்படும் மூன்றும், காற்று மண்டலம் இருக்குமாயின், தண்ணீர் திரவமாகவே நிற்கக்கூடிய தொலைவில் உள்ளன. அந்த 'இருக்குமாயின்' என்னும் சொல்லில்தான் வழக்கே அடங்கியுள்ளது. நட்சத்திரத்தை நெருங்கிச் சுற்றுவதால் அவற்றின் ஒரு பக்கம் நிரந்தரப் பகலாகவும் மறுபக்கம் நிரந்தர இரவாகவும் இருக்கக்கூடும். வெப்பத்தை இருட்பக்கத்துக்குச் சுமந்து செல்லக் காற்று வேண்டும். நட்சத்திரமோ அடிக்கடி சீறி எழும் சுபாவமுடையது. அச்சீற்றம் காற்றையே துடைத்தெறிய வல்லது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-ல் 'பி' கிரகத்தின் பகற்பக்க வெப்பம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என அளந்தது. அடர்ந்த காற்று அங்கே தென்படவில்லை. 'சி'யிலும் வெள்ளிக் கிரகத்தை ஒத்த கனத்த கரியமிலவாயுப் போர்வை இல்லையெனத் தெரிந்தது. 'இ'யைப் பற்றி 2025-ல் வெளிவந்த முடிவுகள், ஹைட்ரஜன் மூடியிருக்கவில்லை என்கின்றன. நைட்ரஜன் காற்று உண்டா என்பது தீரவில்லை. நட்சத்திரத்தின் கரும்புள்ளிகள் அளவைக் குழப்புகின்றன.

இதற்கொரு யுக்தி கண்டிருக்கின்றனர். 'பி'யும் 'இ'யும் அடுத்தடுத்துக் கடக்கும் நேரமாகப் பார்த்து இரண்டையும் அளப்பது. காற்றற்றதெனக் கருதப்படும் 'பி'யில் காணும் குழப்பம் முழுதும் நட்சத்திரத்துடையதே ஆதலால், அதனை 'இ'யின் கணக்கிலிருந்து கழித்துவிடுவது. எஞ்சுவது ஏதேனும் இருப்பின், அதுவே 'இ'யின் காற்று.