புண்ணுற்ற வீரனும் புரவலன் கடனும்

சங்கச் செய்யுள்கள் கூறும் போரைப் பற்றி நம் மாணவர் பெரும்பாலும் அறிந்திருப்பது மறக்குடி மகளிரின் வீரவுரைகளையே. மகன் புறமுதுகு காட்டினான் என்னும் பொய்யுரை கேட்டு, களத்திற் பிணங்களைப் புரட்டித் தேடிச் சென்ற முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். தந்தையும் கணவனும் முன்னைய போர்களில் மாய்ந்த பின்னரும், ஒரே மகனின் கையில் வேல் கொடுத்து அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். புறநானூற்றின் 278, 279ஆம் செய்யுள்களாகிய இவ்விரண்டையும் மனனஞ் செய்யாத மாணவர் சிலரே. இவை உயர்ந்த செய்யுள்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின், போருக்குச் சென்றவன் அங்கே எவ்வாறு இருந்தான், புண்பட்டபின் அவனை யார் பார்த்தார், அவனுக்கு யார் யாது கடன்பட்டார் என்னும் வினாக்களுக்கு இவை விடை கூறுவன அல்ல. விடை வேறிடத்தில் உண்டு. நாம் அங்கே போதிய அளவு செல்வதில்லை.

தொல்காப்பியர் மண்ணாசையால் எழும் படையெடுப்பாகிய வஞ்சியை முல்லைக்குப் புறனாக அமைத்தார். முல்லையாவது, சென்ற தலைவன் மீளுந்துணையும் தலைவி ஆற்றியிருத்தல். படைச்செலவும் மனையிற் காத்திருத்தலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதே இவ்வமைப்பின் கருத்து. ஐங்குறுநூற்றில் முல்லை பாடிய பேயனார், பாசறையில் இருப்பவனின் உள்ளத்துக்கென்றே ஒரு பத்தினை ஒதுக்கினார். வேலேந்தியவனுக்கும் வீட்டு நினைவு உண்டு என்பதை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை.

பாசறை வாழ்வை விரித்துக் காட்டும் நூல் முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடிய இது, 103 அடிகளாலாகிப் பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாக விளங்குவது. காட்டுப் புதர்களை வெட்டி, முள்வேலி வளைத்துப் பாடிவீடு அமைக்கின்றனர். நாற்சந்தியிற் காவல் நிற்கும் யானை கரும்பையும் கதிரையும் உண்ணாது நெற்றியைத் துடைத்துக் கொள்கின்றது. பாகர் வடமொழி கூறிக் கவளம் ஊட்ட முயல்கின்றனர். விற்களை ஊன்றி, தூணிகளைத் தூக்கி, கயிற்றால் வளைத்து அரண் செய்கின்றனர். நாழிகை வட்டிலைப் பார்த்துப் பொழுது அறிவிப்போர் ஒரு பால்; வாய் பேசாது சைகையால் உரையாடும் மிலேச்சர் காவல் மற்றொரு பால். நள்ளிரவிலே, துகிலால் தலையைப் போர்த்த முதிய மெய்காப்பாளர் தூக்கத்தால் தள்ளாடி உலாவும் தோற்றம், தூறற் காற்றில் அசையும் பூங்கொடிப் புதருக்கு உவமிக்கப்படுகின்றது. போர்த்தொழிலின் பெரும்பகுதி வாள் வீச்சன்று. காத்திருத்தலும் கண்விழித்தலும் களைப்புமே என்பதைப் புலவர் நன்கு கண்டிருந்தார்.

அப்பாசறையின் நடுவில் அரசனும் உறங்கவில்லை. அடுத்த நாட் போரின்மீது அவனுக்கு வேட்கை உண்டு. எனினும் அவன் நெஞ்சிற் சுழல்வன வேறு. புண்மிகுந்து பிடிகளை மறந்த களிறுகளையும், துதிக்கை துணிபட்ட யானைகளையும், உண்ட சோற்றுக்குக் கடன் கழித்து மாண்ட வீரரையும், அம்பு தைத்துச் செவி சாய்த்து உண்ணாது வருந்தும் குதிரைகளையும் அவன் நினைக்கின்றான். ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறு கையால் தலையைத் தாங்கி நெடிது நினைக்கின்றான். ஏவியவனுக்கும் உறக்கம் இல்லை எனக் காட்டியது புலவரின் நடுவுநிலை எனலாம்.

நினைத்தலோடு அமையாது எழுந்து சென்ற அரசனை நக்கீரர் நெடுநல்வாடையிற் காட்டுகின்றார். 188 அடிகளாலாகிய அப்பாட்டின் தலைவன், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பர். வாடை வீசும் நள்ளிரவு. விளக்கின் சுடர் காற்றிற் சாய்கின்றது. சேணம் களையாத குதிரைகள் சேற்றுத் தெருவில் மேல்விழும் துளியை உதறுகின்றன. விழுப்புண் பட்டோரைக் காண அரசன் சிலரோடு புறப்படுகின்றான். வேப்பந்தழை சூட்டிய வேலுடன் முன்செல்வோன் ஒவ்வொருவரையும் முறையே காட்ட, நழுவும் மேலாடையை இடப்பக்கம் தழுவிக்கொண்டு, ஓர் இளவீரனின் தோள்மீது கைவைத்து, மலர்ந்த முகத்தோடு பார்த்துச் செல்கின்றான். நகரிலோ அவன் தேவி ஓவியப் படுக்கையில் ஆற்றாது கிடக்கின்றாள். வெற்றி விழாவையோ கோட்டை பிடித்ததையோ கூறிப் பாட்டை முடிக்காது, புண்பட்டோரின் இடையே நடக்கும் மன்னனிடத்து நக்கீரர் நிறுத்துகின்றார். பாசறைத் தொழில் என்று அவர் பெயரிடுவது இதனையே. இஃது உணரற்பாலது.

புண்ணுக்கு மருந்தும் இருந்தது. மார்பிலே புண் தைத்த நெடிய ஊசியை, குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவைக்கு உவமித்தார் பரணர். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திற் காணலாம். புண்ணின்மேல் இட்ட பஞ்சு இன்னும் களையப்படாத வீரரைப் புறநானூறு பேசுகின்றது. மனையில் நடந்த பேணுதலை அரிசில்கிழார் 281ஆம் செய்யுளிற் கூறுகின்றார். இரவமரத் தழையும் வேம்பும் செருகி, யாழொடு பல்லியம் ஒலிக்க, ஐயவி தூவி, ஆம்பற்குழல் ஊதி, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பிப் புண்பட்டவனைக் காப்போம் எனத் தோழியை அழைக்கின்றாள் ஒருத்தி. அவனை அவள் சுட்டும் முறையே நெஞ்சைத் தொடுவது: வேந்தனுக்கு உற்ற துன்பத்தைத் தான் தாங்கியவன் என்கின்றாள். பிறர்க்கு வந்த துன்பத்தைத் தன் உடம்பில் ஏற்றவன் என்பதினும் படைவீரனுக்குப் பொருத்தமான இலக்கணம் வேறொன்றில்லை.

அவ்வாறு ஏற்றவனுக்குத் திரும்பச் செய்ய வேண்டியது யாது? பொன்முடியாரின் 312ஆம் செய்யுளை வீரர் கடமை கூறும் பாட்டாகவே பலரும் எடுத்தாளுவர். உண்மையில் அது கடமைகளைப் பங்கிடும் பாட்டு. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவர்க்கும் அதிற் கடன் உண்டு. வேந்தன் கடனைக் கூறுமிடத்து நன்னடை என்று பாடங்கொள்வாரும், மருதநிலம் அளித்தலைக் குறிக்கும் தண்ணடை என்று பாடங்கொள்வாரும் உளர். எப்பாடங் கொள்ளினும், ஏவுவோனுக்கும் கடன் உண்டு என்பது மாறாது. மாண்டோனுக்குச் சமூகம் செய்த கடன் நடுகல். கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஆறு துறைகளைத் தொல்காப்பியர் வகுத்தார். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பெற்ற தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று ஆகோட் பூசலைக் குறிப்பது. பேரரசன் பெயரன்று, ஆநிரைப் பூசலில் மடிந்த ஓர் ஊரவனின் பெயரே அங்கு நிற்கின்றது.

புலவர் அனைவரும் போரை வெறுத்தோர் எனக் கூறுதல் பொருந்தாது. பகைவர் ஊர் எரிந்ததையும் கழனி பாழ்பட்டதையும் பெருமையாகப் பாடிய செய்யுள்கள் பல. பரிசில் வாழ்க்கையினர் புரவலனைப் புகழ்ந்தமை இயல்பே. அவ்வாறிருந்தும், புண்ணையும் உறக்கமின்மையையும் மனைவியின் நடுக்கத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆண்டே அவர்தம் வாய்மை விளங்குகின்றது.

நம் நாட்டில் இது ஏட்டுக்கல்வி மட்டுமன்று. 2009இல் முடிவுற்ற போரின் பின்னர்ப் பிறந்தோர் இன்று வகுப்பில் அமர்ந்து புறநானூறு படிக்கின்றனர். மாலையிட்ட படமொன்று சுவரிலே தொங்கும் வீட்டிலிருந்து வருவோர் அவருள் உளர். ஊன்றுகோலுடன் நடக்கும் தந்தையை உடையோரும் உளர். அவர்முன் 279ஆம் செய்யுளை ஓசை நயம் பாராட்டி முடித்துவிடுதல் எளிது. அதன்பின் 281ஐயும் நெடுநல்வாடையின் இறுதியையும் சேர்த்துப் படிப்பித்தலே முறை. வேல் கொடுத்து விடுத்தவளைப் பாடிய இலக்கியம், புண்பட்டு மீண்டவனுக்கு வேம்பு செருகியவளையும் பாடிற்று. முன்னதை மாத்திரம் கற்பிப்பின், மாணவர் போரைக் கற்பர். இரண்டையும் கற்பிப்பின், போருக்குச் சென்ற மனிதனையும் அறிவர்.