மாடியில் ஒரு மகாபலேஷ்வர்

‘ஆண்டு முழுதும் காய்க்கும்’ என்ற சீட்டுடன் வரும் ஸ்ட்ராபெர்ரிச் செடி, ஹைதராபாத் வெயிலில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்?

ஹைதராபாத்தின் கிழக்குப் பக்கம், நாச்சாரம் தொழிற்பேட்டைக்கும் ஈசிஐஎல் வட்டாரத்துக்கும் நடுவே இருக்கும் மல்லாபூர் பழத்தோட்டத்துக்குப் பேர்போன இடமல்ல. தொழிற்கூடங்கள், லாரிகள், நெருக்கியடித்து எழும்பும் குடியிருப்புகள். செடி வைக்க மிச்சமிருப்பது மொட்டை மாடிதான். மே மாத மதியத்தில் அங்கே வெறுங்காலுடன் நிற்க முடியாது. கறிவேப்பிலை, தக்காளி, மல்லிகை என்றால் சரி. ஸ்ட்ராபெர்ரி?

வளர்கிறது. காய்க்கவும் செய்கிறது. தகராறெல்லாம் நாற்றோடு வரும் சீட்டைப் பற்றித்தான். மழைக்காலம் ஓய்ந்ததும் நர்சரிகளிலும் கூரியர் பார்சல்களிலும் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகள் வந்து இறங்குகின்றன. அவற்றில் ‘ஆண்டு முழுதும் காய்க்கும்’ என்று சொல்லி விற்கப்படும் ரகத்துக்குத் தனி மவுசு. டிசம்பரில் நாலு பழம் பறித்த குடும்பம் ஏப்ரலிலும் பழத்தை எதிர்பார்க்கிறது. ஏப்ரலில் இலை கருகுகிறது. தண்ணீர் போதவில்லையோ, உரம் போதவில்லையோ என்று இரண்டையும் அள்ளிக் கொட்ட, மே மாதம் தொட்டி காலி.

சீட்டில் இருப்பது பொய்யல்ல. ஆனால் அது எழுதப்பட்டது வேறு ஊருக்காக.

சாதாரண ஸ்ட்ராபெர்ரிச் செடி பகல் பொழுதை அளந்து பார்த்து நடந்துகொள்ளும் ஜாதி. பகல் குறுகி, குளிர் தொடங்கும்போதுதான் அதற்குள் பூ மொட்டு உருவாகும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அந்த மொட்டு பனிக்காலம் முழுக்கத் தூங்கி, வசந்தத்தில் பூத்து, ஜூன் வாக்கில் சில வாரங்கள் மட்டும் பழம் தரும். அப்புறம் அடுத்த வருஷம்தான். இந்தச் சில வாரக் கணக்கை உடைக்க விரும்பிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட், 1950களில் யூட்டா மாநிலத்தின் வாசாட்ச் மலைகளில் ஒரு காட்டுச் செடியைப் பிடித்தார். பகல் நீண்டாலும் குறுகினாலும் அது தன்பாட்டுக்குப் பூத்தது. அதை நாட்டு ரகங்களுடன் கலந்து, திரும்பத் திரும்பக் கலந்து, 1979இல் முதல் ரகங்களை வெளியிட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று விற்கும் ஆல்பியன், சான் ஆண்ட்ரியாஸ் எல்லாம் அந்தக் காட்டுச் செடியின் வாரிசுகள்தான்.

ஆக, இந்த ரகம் தீர்த்து வைத்தது நீண்ட பகல் என்ற பிரச்னையை. லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். ஹைதராபாத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 13 மணி நேரம். மிகக் குறுகியது சுமார் 11. இங்கே பகல் ஒரு தடையே இல்லை. தடை வெயில்தான். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டே போனால் எந்த ரகமும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும், பிறகு நிறுத்திவிடும். கலிஃபோர்னியாவில் பசிபிக் கடலின் குளிர்ந்த காற்று கோடையிலும் வயலுக்கு வந்து விசிறிவிடுகிறது. மல்லாபூருக்கு அந்த பாக்கியம் கிடையாது. ஜனவரி இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும் ஹைதராபாத், மே மாதப் பகலில் 40ஐத் தொடுகிறது.

இந்தியாவில் ஸ்ட்ராபெர்ரி எங்கே, எப்போது விளைகிறது என்று பார்த்தாலே இது விளங்கும். மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர், பஞ்ச்கனி வட்டாரம்தான் இதற்குத் தலைநகரம். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே பழக்கமான பயிர். 2010இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் அந்த மலையிலேயே நடவு மழைக்காலத்தின் முடிவில், அறுவடை குளிர்காலம் தொடங்கிக் கோடையின் ஆரம்பம் வரை. ஆந்திரத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலைமேல் இருக்கும் லம்பசிங்கியிலும் அது குளிர்காலப் பயிர்தான்.

இதைவிடப் பொருத்தமான உதாரணம் ஜான்சி. கோடையில் 45 டிகிரிக்கு வறுபடும் புந்தேல்கண்டில், குர்லீன் சாவ்லா என்ற சட்டக் கல்லூரி மாணவி முதலில் வீட்டிலும் பிறகு வயலிலும் ஸ்ட்ராபெர்ரி வளர்த்தார். உத்தரப் பிரதேச அரசு 2021 ஜனவரியில் அங்கே ஒரு மாத ஸ்ட்ராபெர்ரி விழாவே நடத்தியது. அதே மாதம் பிரதமர் தன் வானொலி உரையில் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். விழா ஜனவரியில் நடந்தது தற்செயல் அல்ல. ஜான்சியில் பழம் இருக்கும் காலம் அதுதான்.

எனவே மல்லாபூர் மாடிக்குத் தேவையானது நாலைந்து மாதக் குளிரை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளும் செடி. மிதமான குளிரிலேயே சீக்கிரம் பூத்துக் காய்ப்பதற்கென்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உருவாக்கப்பட்ட ஸ்வீட் சார்லி, விண்டர் டான் ஆகிய ரகங்கள் மகாபலேஷ்வரிலும் பயிராகின்றன. அங்கிருந்து நாற்றாகவும் கிடைக்கின்றன. ஹைதராபாத்துக்கு இவை போதும். ‘ஆண்டு முழுதும்’ ரகத்தை வைத்தாலும் குளிர்காலத்தில் காய்க்கும். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குத்தான் பதில் வராது.

விதையை வாங்குவது அதைவிட மோசம். கடையில் விற்கும் ஸ்ட்ராபெர்ரி கலப்பினம். அதன் விதை தாயைப் போலப் பிறக்காது. முளைக்கவே வாரங்கள், பழத்துக்குப் பல மாதங்கள். அதற்குள் வெயில் வந்துவிடும். நீல நிற ஸ்ட்ராபெர்ரி விதை என்று இணையத்தில் படம் போட்டு விற்பது சுத்த மோசடி. அப்படி ஒரு பழம் உலகில் இல்லை.

அக்டோபரில் நட்டால் நல்லது. வேர் மேலாகவே படர்வதால் ஆழமான தொட்டி வேண்டாம். ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில் அகலமான தொட்டியோ பையோ போதும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் செம்மண்ணும் சமமாகக் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கவனம் வேண்டியது நடும்போதுதான். இலைகள் கிளம்பும் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கி நின்றால் காயும். வீட்டில் பல நாற்றுகள் இப்படித்தான் சாகின்றன. நட்ட ஒரு மாதத்துக்குள் வரும் பூக்களைக் கிள்ளிவிடுவது நல்லது. மனசு கேட்காதுதான். ஆனால் வேர் பிடிக்காத செடி காய்த்தால் சுண்டுவிரல் நுனியளவு பழத்தோடு ஓய்ந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். ஹைதராபாத்தில் இதுதான் பெரிய வில்லங்கம். உப்பைத் தாங்க மாட்டாத பயிர்களில் ஸ்ட்ராபெர்ரி முன்வரிசையில் நிற்கிறது. நகரத்தின் போர்வெல் தண்ணீரோ பல இடங்களில் பக்கெட்டில் வெள்ளைப் படிவம் விடும் ரகம். போதாக்குறைக்கு, ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை ‘வீணாக்க வேண்டாம்’ என்று செடிக்கு ஊற்றும் பழக்கம் வீடுகளில் பரவியிருக்கிறது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இலையின் ஓரம் பழுப்பாகக் கருகினால் உரம் போடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். குழாயில் வரும் நதிநீரோ சேர்த்து வைத்த மழைநீரோ சரி. தினமும் கொஞ்சமாக, காலையில், இலை நனையாமல்.

காலை வெயில் ஆறு மணி நேரம் வேண்டும். பிற்பகல் வெயிலை மறைத்தால் பிப்ரவரியைக் கடத்தலாம். செடியைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் பழம் மண்ணில் படாது, ஈரமும் நிற்கும். ஸ்ட்ராபெர்ரிக்கு ஆங்கிலப் பெயரில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான் என்று ஒரு விளக்கம் உண்டு, அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை. வைக்கோல் மட்டும் வேலை செய்கிறது.

பழம் கோணலாக, ஒரு பக்கம் சூம்பிப் பிறந்தால் அது நோயல்ல. பழத்தின் மேல் புள்ளிபுள்ளியாக ஒட்டியிருப்பவைதான் தாவரவியல் கணக்கில் உண்மையான கனிகள். நாம் தின்பது பூவின் உப்பிய அடிப்பாகம். ஒவ்வொரு புள்ளியிலும் மகரந்தம் சேர்ந்தால்தான் அந்த இடம் பருக்கும். உயர்ந்த மாடிகளில் தேனீ குறைவு. குழந்தைகளின் ஓவியத் தூரிகையால் பூவின் நடுவே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால் வேலை முடிந்தது. கொண்டைக்குருவிக்கும் அணிலுக்கும் வலை போட வேண்டும். பழம் சிவப்பது வீட்டுக்காரருக்கு முன் அவற்றுக்குத் தெரிந்துவிடும். காற்று வறண்டால் இலையின் அடியில் சிவப்புச் சிலந்தி வரும். தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சிக் கழுவிவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

பூத்து நாலு வாரத்தில் பழம். காம்புவரை சிவந்த பிறகுதான் பறிக்க வேண்டும். பறித்த பின் நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. லாரியில் வரும் பழம் புளிப்பதும், மாடியில் பறித்தது இனிப்பதும் இந்த ஒரு காரணத்தால்தான். தொட்டிச் செடி ஒன்று சீஸனுக்குக் கால் கிலோ கொடுத்தால் நல்ல விளைச்சல். பத்துத் தொட்டி வைத்தாலும் கடைக்கு அனுப்பும் கதை இல்லை. குழந்தைகள் தின்று தீர்த்துவிடும்.

மார்ச் பாதியில் பூ நிற்கும். அப்போது உரத்தை நிறுத்தி, வாடிய இலைகளைக் கழித்து, தொட்டிகளை மாடியிலிருந்து இறக்கிக் கிழக்குப் பார்த்த நிழலுக்கோ நிழல்வலைக்கு அடியிலோ கொண்டுபோக வேண்டும். வேலை, செடியை உயிரோடு வைத்திருப்பது மட்டுமே. பாதி பிழைத்தால் பெரிய காரியம். ஜூன் மழையில் அவை துளிர்த்து, கயிறு போன்ற ஓடுகொடிகளை நாலாபுறமும் விடும். கொடியின் கணுவை ஒரு சின்னத் தொட்டி மண்மேல் அழுத்தி, கொண்டை ஊசியால் குத்தி வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். செப்டம்பரில் தாயிடமிருந்து அறுத்துவிடலாம். அந்த நாற்றோடு சீட்டு எதுவும் வராது.