வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனமும் வாயில்லா ஜீவன்களும்



தவக்காலத்தில் ஒரு ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிக் கொண்டிருந்தார்கள். கோயில் வாசல் வழியாக இருசக்கர வாகனம் ஒன்று போனது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் கால்கள் கட்டப்பட்ட கோழிகள் தலைகீழாகத் தொங்கின. நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று நம்மிடம் வந்து, "சாமி, அதுக்கு வலிக்காதா?" என்று கேட்டது. "அதுக்கெல்லாம் ஆன்மா கிடையாதும்மா. மனுசங்களுக்காகத்தான் கடவுள் அதைப் படைச்சிருக்கார்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அன்று இரவு செபமாலை சொல்லும்போது அந்தக் கேள்வி மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. பிள்ளை கேட்டது வலியைப் பற்றி. நாம் பதில் சொன்னது ஆன்மாவைப் பற்றி. அந்தப் பதிலும் சரியானதல்ல. விலங்குகளுக்கும் உணரும் ஆன்மா உண்டு; ஆனால் அது மனித ஆன்மாவைப் போல அழியாதது அல்ல என்பதே புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தது. குருமடத்தில் படித்த இந்தப் பாடத்தையும் மறந்து, அவசரத்தில் ஒரு குழந்தையின் வாயை அடைத்துவிட்டோம்.

ஆகவே இந்த வாரம், நம் தட்டில் இருக்கும் உணவையும், நம்மோடு இந்தப் பூமியில் வாழும் உயிர்களையும் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

விவிலியம் காட்டும் வழி

தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதருக்கு உணவாகத் தருவது விதை தரும் செடிகளையும் கனிதரும் மரங்களையும். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பசுமையான செடிகளைத் தருகிறார் (தொநூ 1:29-30). இறைச்சி உண்ண அனுமதி கிடைப்பது வெள்ளப்பெருக்குக்குப் பிறகு, நோவாவின் காலத்தில் (தொநூ 9:3). அப்போதும் இரத்தத்தை உண்ணக்கூடாது என்று ஒரு வரம்பு வைக்கப்படுகிறது. உயிர் கடவுளுக்குச் சொந்தமானது என்பதை மனிதர் மறக்கக்கூடாது என்பதற்காக அந்த வரம்பு. அதே அதிகாரத்தில் கடவுள் செய்யும் உடன்படிக்கை நோவாவின் வீட்டாரோடு மட்டும் அல்ல, பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களோடும்தான் (தொநூ 9:9-10).

திருச்சட்டத்திலும் இந்த அக்கறை தெரிகிறது. ஓய்வுநாள் மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது (விப 23:12). பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் உதவாமல் போகக்கூடாது (விப 23:5). போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது (இச 25:4). களத்து மேட்டை அறிந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் கட்டளையை விளக்கவே வேண்டாம். நீதிமான் தன் கால்நடைகளின் நலனையும் கவனிப்பான் என்கிறது நீதிமொழிகள் (நீமொ 12:10). நினிவே நகரை அழிக்காமல் விட்டதற்குக் கடவுள் யோனாவிடம் சொல்லும் காரணத்தில் அந்நகரின் கால்நடைகளும் இடம்பெறுகின்றன (யோனா 4:11). சில காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவியையும் தந்தை மறப்பதில்லை என்று நம் ஆண்டவர் சொன்னார் (லூக் 12:6).

திருச்சபையின் போதனை

இறைச்சி உண்பது பாவம் என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. விலங்குகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவது முறையானதே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தெளிவாகச் சொல்கிறது (எண் 2417). ஆனால் அடுத்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்கிறது அது (எண் 2418). அதாவது, அந்தக் கோழிக்கு நேரும் கொடுமை கோழியோடு நின்றுவிடுவதில்லை. அதைச் செய்பவரையும், பார்த்துப் பழகிப்போன நம்மையும் அது சிறுமைப்படுத்துகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இதே போதனையை நினைவூட்டினார் (எண் 130). மற்றோர் இடத்தில் (எண் 211) மிக எளிய செயல்களை வரிசைப்படுத்தினார்: பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, உண்ணும் அளவுக்கு மட்டும் சமைப்பது, பிற உயிர்களிடம் பரிவு காட்டுவது, மரம் நடுவது, தேவையற்ற விளக்கை அணைப்பது. இவை உலகை மாற்றிவிடுமா என்று நாம் கேட்கலாம். இத்தகைய செயல்கள் நம் கண்ணுக்குத் தெரியாமலே நன்மையைப் பரப்புகின்றன என்பதே அவர் தந்த உறுதி.

பழைய வழக்கம், புதிய பொருள்

நம் பாட்டிமார் காலத்தில் வெள்ளிக்கிழமை என்றால் சுத்தபோசனம். கறிச்சட்டி அன்று அடுப்பில் ஏறாது. 1966-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல், ஒறுத்தல் பற்றிய சட்டங்களைப் புதுப்பித்தபோது, வெள்ளிக்கிழமைக்குப் பதில் வேறு ஒறுத்தல் முயற்சிகளையோ பிறரன்புச் செயல்களையோ குறிப்பிடும் உரிமையை ஆயர் பேரவைகளுக்கு அளித்தார். இன்றைய திருச்சபைச் சட்டமும் வெள்ளிக்கிழமைகளை ஒறுத்தல் நாள்களாகவே வைத்திருக்கிறது (எண் 1250-1253). 14 வயது நிறைந்தவர்களுக்குச் சுத்தபோசனம் உண்டு. ஆனால் பல நாடுகளில் இறைச்சி விலக்கும் வழக்கம் போய்விட்டது, அதற்குப் பதிலாக வரவேண்டிய வேறு ஒறுத்தலும் வரவில்லை.

இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் ஆயர்கள் இதை உணர்ந்து, 2011 செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். அவர்கள் நோக்கம் ஒறுத்தலும் நம்பிக்கையின் சாட்சியமும்தான். ஆனால் அதில் எதிர்பாராத ஒரு பலனும் விளைந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டுக் கத்தோலிக்கர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் மட்டுமே தம் உணவுப் பழக்கத்தை மாற்றினார். அப்படியிருந்தும் ஆண்டுக்கு 55,000 டன்னுக்கும் அதிகமான கரியமில வாயு அளவுக்கு மாசு குறைந்தது. வாரத்தில் ஒரு நாள், நால்வரில் ஒருவர், அவ்வளவுதான்.

உணவுக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு? மாடும் ஆடும் அசை போட்டுச் செரிக்கும்போது மீத்தேன் வாயு வெளியாகிறது. இது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. தீவனம் விளைவிக்கக் காடுகள் அழிக்கப்படுகின்றன. ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2023-இல் தந்த கணக்குப்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் வெப்ப வாயுக்களில் ஏறக்குறைய 12 விழுக்காடு கால்நடை வளர்ப்பைச் சார்ந்தது. இதில் பெரும் பொறுப்பு, தினமும் மூன்று வேளையும் இறைச்சி உண்ணும் செல்வ நாடுகளுக்கு. இரண்டு ஆடு வளர்த்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டும் நம் ஊர்த் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது.

சாப்பாட்டை வைத்து யாரையும் தாழ்த்த வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அன்பியக் கூட்டம் ஒன்றில் ஆர்வமுள்ள ஓர் இளைஞர், "கறி சாப்பிடுறவங்க செபிக்கிறதுல அர்த்தமே இல்ல" என்று பேசிவிட்டார். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னார்: "ஆறு நாளும் ரசமும் ஊறுகாயும்தான் சாமி. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு அரைக் கிலோ கோழி எடுக்கிறோம். அதையும் பாவம்னு சொன்னா நாங்க எங்க போறது?" கூட்டத்தில் யாரும் பேசவில்லை. நமக்கும் தலை குனிந்தது.

நம் நாட்டில் உணவு வெறும் உணவு அல்ல. யார் என்ன உண்கிறார் என்பதை வைத்து மனிதரை மேல், கீழ் என்று பிரித்த கொடுமை இங்கே உண்டு. "நீங்க சைவமா?" என்று கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு மறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சந்தேகப்பட்டே மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். விலங்கின் மேல் பரிவு என்ற பெயரில் மனிதனை வெறுப்பது பரிவே அல்ல. மனிதனுக்குள்ளே செல்வது அவனைத் தீட்டுப்படுத்தாது என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் (மாற் 7:18-19). காய்கறி மட்டும் உண்பவரும் எல்லாம் உண்பவரும் ஒருவரையொருவர் இகழவோ தீர்ப்பிடவோ கூடாது என்று உரோமைத் திருச்சபைக்குப் புனித பவுல் அறிவுறுத்தினார் (உரோ 14:2-3).

ஆகவே, குறைக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை எளிது: நிறைய வைத்திருப்பவர். வாரம் ஒருமுறை உண்பவரிடம் அல்ல, தினமும் உண்பவரிடமே இந்த அழைப்பு வருகிறது. திருவிழா என்றால் நாலு வகைக் கறியோடு விருந்து நடக்கும் பங்கு இல்லங்களுக்கு, அதாவது முதலில் நமக்கே வருகிறது.

அன்றாடம் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வெள்ளிக்கிழமையை மீட்டெடுப்போம். சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லை. ஆனால் கறியைவிட விலை கூடிய வஞ்சிர மீனை வாங்கி வறுத்துவிட்டு, சுத்தபோசனம் காத்தோம் என்று சொல்வது சட்டத்தின் எழுத்தைக் காக்கும், கருத்தைக் காக்காது. கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று நம் மண்ணில் விளையும் பயறுகளில் புரதம் நிறைந்திருக்கிறது. பயறுச் செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்ப்பதால் நிலமும் வளம் பெறும். அன்று மிச்சமாகும் பணத்தை ஒரு தகர டப்பாவில் போட்டு, பசித்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தால்தான் நோன்பு நிறைவு பெறும்.

இரண்டாவது, வாங்கும் இடத்தில் வாய் திறப்போம். வலிக்கும் விதத்தில் விலங்குகளைக் கட்டி ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல்நிலையம் போகும் முன்பே, "கூடையில வெச்சுக் கொண்டு வாங்கண்ணே" என்று பணிவாகச் சொல்ல நம்மால் முடியும்.

மூன்றாவது, திருவிழாக்களைத் திருத்துவோம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடு கட்ட வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசுக்கு ஆசைப்படும் குழந்தைகள் அந்த ஊரிலும் இருக்கத்தானே செய்வார்கள்! நம் கொடியேற்றத்திலும் தேர்ப்பவனியிலும் வெடிக்கும் பணத்தில் பாதியையாவது நாம் குறைக்க முடியாதா?

நான்காவது, குப்பையில் கவனம் வைப்போம். மிச்சச் சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிந்தால் மாடு பையோடு சேர்த்தே விழுங்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடை செய்துள்ளது. நம் மன்றங்களிலும் விருந்துகளிலும் அந்தத் தடை மதிக்கப்படுகிறதா என்று பார்ப்போம்.

ஐந்தாவது, கடற்கரைப் பங்குகளிடம் கற்றுக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருக வேண்டும் என்று வருமானத்தை இழந்து காத்திருக்கும் அந்த நாள்கள், கடலுக்காக நம் மீனவ மக்கள் பிடிக்கும் ஒருசந்தி என்றே சொல்லலாம். அந்நாள்களில் அவர்கள் குடும்பங்களை நினைப்பதும் நம் கடமை.

அன்பர்களே, பேச முடியாதவர்களுக்காகப் பேசு என்று நீதிமொழிகள் அறிவுறுத்துகிறது (நீமொ 31:8). எளிய மனிதரை மனத்தில் கொண்டு சொல்லப்பட்ட சொல் அது. முதலில் அவர்களுக்காகவே நாம் பேச வேண்டும். ஆனால் 'வாயில்லா ஜீவன்' என்று நம் மொழியே சொல்லும் உயிர்களையும் அதிலிருந்து விலக்கிவிட முடியாது.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "வலிக்கும்மா. போன வாரம் சாமி தப்பாச் சொல்லிட்டேன்" என்றோம். பிள்ளை சற்று யோசித்தது. "அப்ப நீங்க அந்த அண்ணன்கிட்ட சொல்லலாம்ல?" என்று கேட்டது. போய்ச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "கூடை வெச்சா வண்டில எடம் பத்தாது சாமி" என்றார். இரண்டு மூன்று வாரம் கழித்து வண்டியின் பின்னால் ஒரு பெரிய கூடை கட்டியிருந்தது. மற்ற நாள்களிலும் அது இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. கோயில் வழியாக வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை நம் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்குவோம். படைத்தவரின் அருள் நம்மோடு இருப்பதாக. ஆமென்.